காரில் விழுந்த தீப்பொறி! பெயிண்டு அடிக்க எவ்வளவு ஆகும்?

வானத்தில் வெடித்தால் பட்டாசு அழகு. வாசலில் நிற்கும் காரின் மீது விழுந்தால்?

ஒரு நொடியில் ஒரு பொறி. மறுநாள் காலையில் பார்த்தால் அது கரும்புள்ளி. தேய்த்தால் போகாது. சோப்புப் போட்டாலும் போகாது. பட்டறைக்குக் கொண்டு போனால், "பானெட் முழுவதும் அடிக்க வேண்டும்" என்கிறார்கள்.

புள்ளியோ கடுகு அளவு. செலவோ ஆயிரக்கணக்கில்!

"கடுகு அளவு புள்ளிக்கு இவ்வளவு பணமா? ஏமாற்றுகிறார்களா?" என்று காரின் சொந்தக்காரர் நினைக்கிறார். சில சமயம் ஏமாற்று வேலை நடப்பது உண்டு. ஆனால் பல சமயம் பட்டறைக்காரர் சொல்வது நியாயமாகவே இருக்கும். எது நியாயம், எது அநியாயம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், காரின் மேல் பூசியிருக்கும் பெயிண்டு என்ன, அது எப்படிக் கெடுகிறது, எப்படிச் சரி செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டாசு பூமியில் கார்கள்

ஏழாயிரம்பண்ணை, விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை தாலுகாவில் இருக்கிறது. ஒரு காலத்தில் பாளையமாக இருந்த ஊர். சுற்றிலும் கரிசல் காடு. மழை குறைவு. வெயில் அதிகம். இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது வயல் அல்ல, பட்டாசும் தீப்பெட்டியும்தான்.

1922-ம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அவர்கள் ஏற்றி வைத்த தொழில், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று வானம் பார்த்த பூமி முழுவதும் பரவியது. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும் பகுதி இந்தப் பக்கத்தில் தயாராவதுதான்.

முன்பெல்லாம் இந்த ஊர்களில் கார் என்றால் முதலாளி வீட்டு வாசலில்தான் நிற்கும். இன்று அப்படி இல்லை. ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன், சரக்கு ஏற்றும் சிறிய வண்டி, தவணையில் வாங்கிய பழைய கார் என்று நடுத்தரக் குடும்பங்களிடமும் வண்டி இருக்கிறது. சிலருக்கு வண்டிதான் பிழைப்பு.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் 28 சதவீதமும், அதற்கு மேல் செஸ் வரியும் இருந்தன. 4 மீட்டர் நீளத்துக்கு மேற்படாத கார்களுக்கு இது பொருந்தும். பெட்ரோல் கார் என்றால் என்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும், டீசல் கார் என்றால் 1,500 சி.சி.க்குள்ளும் இருக்க வேண்டும். கார் உதிரி பாகங்களுக்கும் வரி 18 சதவீதம் ஆகிவிட்டது.

கார் விலை குறைந்தது. பம்பர் விலையும் குறைந்தது. ஆனால் பெயிண்டு அடிக்கும் கூலிக்கு முன்பும் 18 சதவீத வரிதான். இப்போதும் 18 சதவீத வரிதான். அதில் ஒரு பைசா குறையவில்லை! காரை வாங்குவது எளிதாகியிருக்கிறது. காரைப் பராமரிப்பது அந்த அளவுக்கு எளிதாகவில்லை.

யானை வாங்கியவன் அங்குசத்துக்கும் பணம் வைத்திருக்க வேண்டும் அல்லவா?

காருக்கு எத்தனை சட்டை?

காரின் மேல் இருப்பது ஒரே பூச்சு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கார் பல சட்டை போட்டிருக்கிறது.

அடியில் இருப்பது இரும்புத் தகடு. அதன் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு ரசாயனப் பூச்சு. அடுத்து, தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் பிரைமர். அதன் மேல் மேடு பள்ளத்தை நிரப்பும் மற்றொரு பிரைமர். அதற்கு மேல்தான் கண்ணுக்குத் தெரியும் நிறம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. அதற்குப் பட்டறையில் "கிளியர்" என்று பெயர். காரின் பளபளப்பு எல்லாம் இந்தக் கிளியரில்தான் இருக்கிறது.

இத்தனை சட்டைகளையும் சேர்த்து அளந்தால் எவ்வளவு கனம் இருக்கும்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். அவ்வளவுதான்! தலைமுடி இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம். அதில் கிளியர் மட்டும் பாதிக்கும் குறைவு.

மத்தாப்புப் பொறியின் வெப்பம் 1,000 டிகிரிக்கு மேல். அந்தப் பொறி தலைமுடிக் கனமுள்ள சட்டையின் மேல் விழுந்தால் என்ன ஆகும்? கிளியர் உருகும். நிறம் கருகும். பொறியில் இருந்த உலோகத் துகள் உள்ளே பதிந்து உட்கார்ந்துகொள்ளும். கம்பி மத்தாப்பில் இரும்புத்தூள் சேர்ப்பது உண்டு. பதிந்தது இரும்பாக இருந்தால், அடுத்த மழையில் அது துருப்பிடிக்கும். தீபாவளி முடிந்து சில வாரம் கழித்து வெள்ளைக் காரில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

பெயிண்டும் பட்டாசும் உறவு!

காரின் பெயிண்டுக்கும் வெடிமருந்துக்கும் பகை என்று தோன்றுகிறது. ஆனால் இரண்டும் நெருங்கிய உறவு என்றால் நம்ப முடிகிறதா?

அமெரிக்காவில் டூபான்ட் என்று ஒரு கம்பெனி. 1802-ம் ஆண்டு ஆரம்பித்தது. அதன் தொழில் வெடிமருந்து தயாரிப்பது. முதலாம் உலகப் போரில் அது ஏராளமான வெடிமருந்தை விற்றது. 1918-ல் போர் முடிந்தது. வெடிமருந்துக்கு ஆள் இல்லை. தொழிற்சாலையை என்ன செய்வது?

வெடிமருந்துக்குப் பயன்பட்ட பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை அமிலத்தில் பக்குவப்படுத்தி எடுப்பது. அதே வகைப் பொருளைக் கொண்டு, சீக்கிரம் காயும் பெயிண்டு ஒன்றை அந்தக் கம்பெனி தயாரித்தது. அதற்கு "டூக்கோ" என்று பெயர் வைத்தது. 1923-ல் ஓக்லண்ட் என்ற காரில் அது முதன்முதலாகப் பூசப்பட்டது.

அதற்கு முன் ஒரு காருக்குப் பெயிண்டு பூசிக் காய வைக்க வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ வந்தபின் அந்த வேலை மிகவும் சுருங்கியது. பல நிறங்களில் கார்கள் வரத் தொடங்கின.

இன்று கார் தொழிற்சாலைகளில் அந்தப் பெயிண்டு இல்லை. வேறு வகைகள் வந்துவிட்டன. ஆனாலும் நம் ஊர்ப் பழைய பெயிண்டர்கள் இன்றும் "டூக்கோ அடிப்பது" என்று சொல்கிறார்கள். அந்தச் சொல் வெடிமருந்துக் கம்பெனியிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இன்னொரு உறவும் உண்டு. அது அலுமினியம். பட்டாசில் வெள்ளை ஒளி வீசுவது அலுமினியத் தூள். "மெட்டாலிக்" என்று சொல்லும் காரின் நிறத்தில் வெயில் பட்டவுடன் மின்னுவதும் அலுமினியத் துகள்தான். ஒன்று எரிந்து மின்னுகிறது. மற்றொன்று எரியாமல் மின்னுகிறது!

காயம் எவ்வளவு ஆழம்?

காருக்குக் கெடுதல் செய்வது தீபாவளி மட்டும் அல்ல. இந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் வேலை செய்யும் எதிரி ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் சீமைக் கருவேலம். குறுகிய சாலையில் எதிரே லாரி வருகிறது. கார் ஓரம் ஒதுங்குகிறது. "கிறீச்" என்று ஒரு சத்தம். கதவு நெடுகக் கீறல்! கரிசல் புழுதி படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைப்பதும் கெடுதல்தான். புழுதியே உப்புத்தாள் போல வேலை செய்யும்.

காயத்தின் ஆழத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு சோதனைகள் போதும்.

முதல் சோதனை, தண்ணீர். கீறலின் மேல் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். கீறல் கண்ணுக்கு மறைந்தால் காயம் கிளியரில் மட்டும்தான்.

இரண்டாவது சோதனை, நகம். நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காமல் போனால் காயம் மேலாக இருக்கிறது. நகம் சிக்கினால் ஆழமான காயம். உள்ளே வெள்ளையோ சாம்பல் நிறமோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. தகடு பளிச்சென்று தெரிந்தால், அல்லது பழுப்பு நிறம் தெரிந்தால், இரும்பு வரை போய்விட்டது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? இதைப் பொறுத்துத்தான் செலவு.

எதற்கு எவ்வளவு?

பெயிண்டு வேலைக்கு நாடு முழுவதும் ஒரே விலை கிடையாது. ஊருக்கு ஊர், காருக்குக் கார் மாறும். ஆனாலும் 2025-ம் ஆண்டு நிலவரப்படி ஒரு சிறிய காருக்குச் சுமாரான கணக்கு இது:

கிளியரில் மட்டும் கீறல் என்றால், காம்பவுண்டு போட்டுத் தேய்த்துப் பாலீஷ் செய்தால் போதும். கார் முழுவதும் செய்ய ரூ.1,000 முதல் ரூ.2,500 வரை ஆகும்.

கடுகு அளவு புள்ளி, ஆனால் உள்ளே பிரைமர் தெரிகிறது என்றால், பேனா போன்ற குப்பியில் விற்கும் "டச்-அப்" பெயிண்டு வாங்கித் தொட்டு வைக்கலாம். சில நூறு ரூபாய் ஆகும். உற்றுப் பார்த்தால் தழும்பு தெரியும். ஆனால் துருப்பிடிக்காது.

ஒரு கதவு அல்லது ஒரு மட்கார்டு முழுவதும் அடிக்க வேண்டும் என்றால், சிறிய பட்டறையில் ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை. கார் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் ரூ.3,500 முதல் ரூ.7,000 வரை. சொட்டை விழுந்து டிங்கரிங் வேலையும் சேர்ந்தால் அதற்குத் தனிக் கூலி.

கார் முழுவதும் அடிப்பது என்றால் ரூ.25,000-க்குக் குறைந்து நல்ல வேலை கிடைப்பது கடினம். ரூ.60,000-க்கு மேலும் போகலாம்.

நிறத்தைப் பொறுத்தும் விலை மாறும். சாதாரண வெள்ளைக்குச் செலவு குறைவு. வெள்ளி நிறத்துக்கு அதிகம். முத்து நிறத்துக்கு இன்னும் அதிகம். ஏனென்றால் அதற்கு ஒரு பூச்சு கூடுதலாக வேண்டும்.

சுமைகூலி முக்கால் பணம்!

"ஒரு புள்ளிக்காக ஏன் கதவு முழுவதும் அடிக்க வேண்டும்?" இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி.

புள்ளியில் மட்டும் பெயிண்டு அடித்தால், புதிய கிளியர் பழைய கிளியரோடு சேரும் இடத்தில் வட்டமாகக் கோடு தெரியும். சில மாத வெயிலில் அந்த ஓரம் உரிந்து வரும். அதனால் கிளியரைக் கதவின் ஓரம் வரை கொண்டு போய் முடிக்கிறார்கள்.

வெயிலில் நின்ற கார் நிறம் மங்கியிருக்கும். கம்பெனி எண்ணின்படி கலந்த பெயிண்டை அப்படியே அடித்தால், அந்தக் கதவு மட்டும் புதுச்சட்டை போட்டதுபோலத் தெரியும். மெட்டாலிக் நிறத்தில் தொல்லை இன்னும் அதிகம். அலுமினியத் துகள் படுக்கும் விதம் மாறினால் நிறமே மாறித் தெரியும். அதனால் நல்ல பெயிண்டர் முதலில் ஒரு தகட்டில் அடித்து, வெயிலில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்.

அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு வேலை! பழைய பெயிண்டைச் சுரண்ட வேண்டும். பட்டி வைக்க வேண்டும். காய வேண்டும். உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிரைமர் அடிக்க வேண்டும். மறுபடி தேய்க்க வேண்டும். மற்ற இடங்களைப் பேப்பர் ஒட்டி மறைக்க வேண்டும். பிறகு நிறம் 2 அல்லது 3 தடவை. அதன் மேல் கிளியர். பெரிய நிலையங்களில் மூடிய அறையில் 60 டிகிரி சூட்டில் காய வைப்பார்கள். சிறிய பட்டறையில் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, காற்று இல்லாத நேரம் பார்த்து அடிப்பார்கள்.

ஆக, அதிகம் செலவாவது பெயிண்டு அல்ல, உழைப்பு. இன்சூரன்சு விதியே இதை ஒப்புக்கொள்கிறது. பெயிண்டு வேலைக்கு மொத்தமாக ஒரே பில் கொடுத்தால், அதில் 25 சதவீதம்தான் பொருளின் விலை என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் முன்னோர் சொன்ன கணக்கும் இதுவே!

ஆகவே, "பார்த்துப் போட்டுக் குடுங்க, அண்ணாச்சி" என்று பொதுவாகப் பேரம் பேசுவதில் பயன் இல்லை. விலையைக் குறைத்தால் எங்கே குறைப்பார்கள்? பட்டி காயும் முன்பே தேய்ப்பார்கள். பிரைமரை விட்டுவிடுவார்கள். விலை குறைந்த கிளியரை அடிப்பார்கள். அன்று மாலை கார் பளபளக்கும். அடுத்த கோடையில் பல்லை இளிக்கும்.

பேரத்தைவிடக் கேள்வி நல்லது. "எத்தனை தடவை அடிப்பீர்கள், அண்ணாச்சி? என்ன கிளியர்? காருக்குரிய நிற எண்ணைப் பார்த்துக் கலப்பீர்களா? உரிந்தால் எத்தனை மாதத்துக்குப் பொறுப்பு? பில் உண்டா?" என்று கேட்க வேண்டும். ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது.

இன்சூரன்சு கைகொடுக்குமா?

கைகொடுக்கும். ஆனால் எல்லோருக்கும் அல்ல.

மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்சு கட்டாயம். நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் தீங்குக்குத்தான் அது. நம் காரின் பெயிண்டுக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. குறைந்த பணத்தில் வெறும் மூன்றாம் நபர் இன்சூரன்சு மட்டும் எடுத்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து இன்சூரன்சு எடுத்திருந்தால், தீயினாலும் வெடியினாலும் காருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்கும். பட்டாசுப் பொறியும் இதில் அடங்கும். நாள்பட்ட தேய்மானத்துக்குக் கிடைக்காது. வேலை தொடங்குவதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். சேதத்தைப் படம் எடுத்து வைத்திருப்பது நல்லது.

சரி, கிடைக்கிறதே என்று உடனே கேட்டு வாங்கிவிடலாமா? அவசரப்படக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தின் காரில் மூன்று இடங்களில் பெயிண்டு வேலை என்று வைத்துக்கொள்வோம். பில் ரூ.9,000. இதில் பொருளின் பங்கு 25 சதவீதம், அதாவது ரூ.2,250. அதில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். அது ரூ.1,125. மீதி ரூ.7,875. அடுத்து, 1,500 சி.சி.க்கு மேற்படாத காருக்குச் சொந்தக்காரர் கட்டாயமாக ஏற்கவேண்டிய தொகை ரூ.1,000. அதையும் கழித்தால், கைக்கு வருவது ரூ.6,875.

இது வரவு. இனி, செலவு.

இழப்பீடு கேட்காமல் ஓராண்டு ஓட்டினால் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. இரண்டாம் ஆண்டு 25. மூன்றாம் ஆண்டு 35. நான்காம் ஆண்டு 45. ஐந்தாம் ஆண்டு 50. ஒரு தடவை இழப்பீடு வாங்கினால் இது பூஜ்யம் ஆகிவிடும். மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும்.

மேலே சொன்ன குடும்பம் இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறது. சொந்தச் சேதத்துக்குரிய பிரீமியம், தள்ளுபடிக்கு முன், ஆண்டுக்கு ரூ.6,000 என்று கொள்வோம். இழப்பீடு வாங்காவிட்டால் அடுத்த ஆண்டு 45 சதவீதம். அதன்பின் 50 சதவீதம். வாங்கினால்?

முதல் ஆண்டு 45 சதவீதம் போகிறது. நஷ்டம் ரூ.2,700.

இரண்டாம் ஆண்டு 50-க்குப் பதில் 20. நஷ்டம் ரூ.1,800.

மூன்றாம் ஆண்டு 50-க்குப் பதில் 25. நஷ்டம் ரூ.1,500.

நான்காம் ஆண்டு 50-க்குப் பதில் 35. நஷ்டம் ரூ.900.

ஐந்தாம் ஆண்டு 50-க்குப் பதில் 45. நஷ்டம் ரூ.300.

மொத்தம் ரூ.7,200!

வந்தது ரூ.6,875. போனது ரூ.7,200. கார் பழசாகும்போது பிரீமியம் குறையும். அதனால் நஷ்டமும் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் லாபம் என்று சொல்ல எதுவும் இல்லை.

ஆகவே, சிறிய பெயிண்டு வேலைக்குக் கைப்பணத்தைச் செலவழிப்பதே பல குடும்பங்களுக்கு நல்லது. பானெட் எரிந்தது, பம்பர் உருகியது என்று பெரிய சேதம் வந்தால் இன்சூரன்சைத் தேடிப் போகலாம். பம்பர் பிளாஸ்டிக். அதற்குத் தேய்மானம் பாதி விலை. "தேய்மானம் கழிக்காத" இன்சூரன்சு எடுத்திருந்தால் அது மிச்சம். தள்ளுபடியைக் காப்பாற்றும் தனிச் சேர்க்கையும் உண்டு. அவற்றுக்குக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும்.

நிறத்தை மாற்றலாமா?

பழைய கார் வாங்கியவர்கள் சிலர், "அடிக்கிறதுதான் அடிக்கிறோம், நிறத்தையே மாற்றிவிடுவோம்" என்று நினைக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் காரின் நிறம் எழுதியிருக்கிறது. அதை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சாலையிலும் சிக்கல், விற்கும்போதும் சிக்கல்.

வாடகை வேன், சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை. அது எஃப்.சி. புதிய வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை. அதற்குப்பின் ஆண்டுதோறும். எஃப்.சி. வரும்போது பட்டி, டிங்கரிங் பார்த்துப் பெயிண்டு அடிப்பது வழக்கம். ஒரே சமயத்தில் பெரும் பணம் வேண்டும் என்பதால் சிலர் வட்டிக்கு வாங்குகிறார்கள். துரு சிறிதாக இருக்கும்போதே அவ்வப்போது சுரண்டிப் பிரைமர் தடவி வந்தால் இந்தப் பாரம் பாதி குறையும்.

பெயிண்டரின் நெஞ்சு

பில்லில் எழுதாத செலவு ஒன்று உண்டு. அது பெயிண்டு அடிக்கிறவரின் உடல்நலம்.

இன்றைய கிளியரில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அதன் புகைமூட்டத்தைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது. அதற்குரிய முகமூடியும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். வளர்ந்த நாடுகளில் காற்றுக் குழாய் இணைத்த முகமூடியோடு அடிக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் வெறும் கைக்குட்டையோடு அடிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தின்னரும் ஆபத்தானது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். தூரத்தில் இருக்கும் ஒரு பொறி போதும். பட்டறையில் ஒரு பக்கம் வெல்டிங், மறுபக்கம் பெயிண்டு என்று வேலை நடப்பது பெரும் விபரீதம்.

ஒரு பொறி என்ன செய்யும் என்பதை ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் 20-க்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பட்டாசு ஆலைகளில் மருந்து செலுத்தும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை இந்தப் பூமி பலமுறை பார்த்துவிட்டது. அந்த எச்சரிக்கை பெயிண்டுப் பட்டறைக்கும் வேண்டும்.

பாதுகாப்புக்குப் பணம் செலவழிக்கும் பட்டறையில் கூலி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதைக் கொடுப்பது வீண் செலவு அல்ல.

வருமுன் காப்பது எப்படி?

தமிழ்நாட்டில் 2018-ம் ஆண்டு முதல் தீபாவளியன்று காலை 6 மணி முதல் 7 மணி வரையும், இரவு 7 மணி முதல் 8 மணி வரையும் பட்டாசு வெடிக்க அரசு நேரம் குறித்து வருகிறது. அந்த ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பை ஒட்டி வந்த ஏற்பாடு இது. காற்று மாசைக் குறைக்க வந்த ஏற்பாடு, கார்காரருக்கும் உதவுகிறது. அந்த நேரத்தில் காரைத் தெருவில் நிறுத்தாமல் கூரைக்குக் கீழே நிறுத்தலாம்.

துணி உறை போட்டு மூடினால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. நைலான், பாலியெஸ்டர் உறை தீப்பிடிக்கும். உருகிக் காரோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளியோடு போக வேண்டியது கார் முழுவதும் போய்விடும். கண்ணாடிகளை ஏற்றி மூடி, உறை இல்லாமல் நிறுத்துவதே நல்லது.

மறுநாள் காலையில் காரின் மேல் வெடிச் சாம்பல் படிந்திருக்கும். அதைக் காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது. சாம்பலில் உள்ள உப்பு, பனி ஈரத்தில் கரைந்து பெயிண்டைக் கெடுக்கும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு ஷாம்பு போட்டு மெல்லிய துணியால் துடைக்கலாம்.

எதை உடனே செய்ய வேண்டும்?

வீட்டில் பணம் குறைவு. காரில் காயம் பல. எதை முதலில் பார்ப்பது?

தகடு தெரியும் காயத்தை உடனே பார்க்க வேண்டும். அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. துரு பெயிண்டின் அடியில் பரவும். வெளியே தெரியும்போது தகடு ஓட்டையாகியிருக்கும். உப்புக் காற்று வீசும் தூத்துக்குடியில் அது வேகமாகப் பரவும். காய்ந்த கரிசல் பூமியில் மெதுவாகப் பரவும். பரவாமல் இருக்காது.

தகடு தெரியாத காயம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் காத்திருக்கும். அது காரின் அழகைக் கெடுக்கும், காரைக் கெடுக்காது. பிளாஸ்டிக் பம்பரில் உள்ள கீறலும் அப்படியே. அது துருப்பிடிக்காது. பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் பம்பருக்குப் பெயிண்டு அடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

பக்கத்து வீட்டார் பார்ப்பார்களே என்ற எண்ணத்தில் பட்டறைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. பார்ப்பவர்கள் இரண்டு நாள் பார்ப்பார்கள். தவணையை ஐந்து ஆண்டு கட்டுவது குடும்பம்.

நீண்ட கீறல் பொறுக்கும். சிறிய துரு பொறுக்காது.